இரண்டு உலோகப் புள்ளிகள்

படகின் அறைக்குள் மூன்று சட்டைகள் தொங்கின. கடல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் கடலோடு கலந்துவிடும். வெள்ளையில் வியர்வை தெரியும். கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் வந்து நின்றார்.

"தண்ணியில விழுந்தா எடுக்கறதுக்கு வசதி" என்றாள் படகோட்டும் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரிக்கிறார்களா என்று அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சட்டை எப்படி இருக்கு, கல்யாணம்?" என்று மாப்பிள்ளை டிரோன் ஓட்டுபவனிடம் கேட்டார்.

"திமிங்கிலத்துக்கு நிறம் தெரியாதுங்க."

"திமிங்கிலத்துக்கா காட்டப்போறோம்?"

நியாயமான கேள்வி. டிரோன் ஓட்டுபவன் பேட்டரியை மாட்டப் போனான்.

கல்யாணம் அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஆறு வருடம் கல்யாண மண்டபங்களுக்கு மேல் டிரோன் பறக்கவிட்டவன் என்பதால் படகில் ஒட்டிக்கொண்ட பெயர். திமிங்கிலத்துக்கும் மணப்பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பான். இரண்டும் நாம் தயாராக இருக்கும்போது வராது. வந்தாலும் ஒரு நிமிஷம்தான் முகம் காட்டும். சுற்றி நிற்கும் உறவுக்கூட்டம்தான் படத்தைக் கெடுக்கும்.

இந்தப் படகின் உறவுக்கூட்டத்தில் முதல் ஆள் மாப்பிள்ளை. இயக்குநரின் மகளைக் கட்டியவர். கடல் ஆய்வு நிலையத்தில் செய்தித் தொடர்பு அவர் பொறுப்பு. பெண் கிடைத்ததால் வேலை கிடைத்ததா, வேலை கிடைத்ததால் பெண் கிடைத்ததா என்பது கோழி முட்டைக் கதை. அதை நினைக்கும்போதெல்லாம் கல்யாணத்துக்கு உதடு கோணும். நிலையத்தின் படகை ஓட்டுபவள் தன் கூடப்பிறந்த அக்கா என்பதும், அவள் ஒரு வார்த்தை சொல்லித்தான் தனக்கே இந்த வேலை வந்தது என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

இரண்டாவது ஆள் இயக்குநர். திமிங்கிலம் மூச்சு விட மேலே வரும். இயக்குநர் படம் எடுக்க மேலே வருவார். மற்ற நேரத்தில் இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, டாக்டரம்மா. திமிங்கிலத்துக்கு டேக் என்னும் இடம்காட்டும் கருவி ஒட்டுவது அவள் வேலை. முனைவர் பட்டம் வாங்கியவள். கல்யாணத்தின் வயதுதான் இருக்கும். எதைச் சொன்னாலும் முதல் பாடத்திலிருந்து சொல்வாள். பட்டன் எங்கே என்று கேட்டால் மின்சாரம் எப்படி உண்டாகிறது என்பதில் ஆரம்பிப்பாள். கல்யாணம் முதல் நாளே காதைச் சாத்திக்கொண்டான். தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

அவன் மதிக்கும் ஆள் என்று படகில் இருந்தது அவன் ஒருவன்தான்.

அன்றைய வேலை இது. பதினொரு நாளாக ஒரு பெண் திமிங்கிலம் அந்தக் கரையோரக் கடலில் திரிந்துகொண்டிருந்தது. வால் தண்டைச் சுற்றி மீன்பிடிக் கயிறு. இரண்டு சுற்று, ஒரு சுற்று தோலுக்குள் இறங்கிவிட்டது. படகில் எல்லோரும் அதைக் கயிற்றுக்காரி என்றார்கள். கயிறு அறுக்கத் தெரிந்த ஆட்கள் வேறு ஒரு துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள்; பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்வார்கள். அவர்களுக்கு அறுக்கத் தெரியும். தேடிக்கொண்டிருக்க எரிபொருளும் இல்லை, நேரமும் இல்லை. வரும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று யாராவது கையைக் காட்டவேண்டும். அதற்குத்தான் டேக். டிரோனின் வயிற்றில் மாட்டி எடுத்துப்போய், அவள் மூச்சு விட மேலே வரும்போது முதுகில் போடவேண்டும். அடியில் நான்கு ரப்பர் கிண்ணங்கள். குளியலறைச் சுவரில் ஒட்டும் கொக்கி போல ஒட்டிக்கொள்ளும். அவள் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் டேக் தன் இடத்தைச் சொல்லும். கையில் இருந்தது ஒரே ஒரு டேக். காற்று திரும்பியிருந்தது, இன்று சாயங்காலத்துக்குள் அவள் ஆழ்கடலுக்குப் போய்விடுவாள் என்றாள் அக்கா. அதன் பிறகு அவளைத் தேடுவது கடலில் கரைத்த பெருங்காயத்தைத் தேடுவதுதான். கயிறு மீதி வேலையை மெதுவாக முடிக்கும்.

ஒன்பது மணிக்கு டாக்டரம்மா ஒரு வாளியில் கடல்நீர் மொண்டு வைத்துக்கொண்டாள். டேக்கை முக்கினாள், ரிசீவர் ஊமை. வெளியே எடுத்தாள், டிக். முக்கினாள், எடுத்தாள். பத்துத் தடவை.

"ஊறவெச்சுத் துவைக்கறாங்களா?" என்றான் கல்யாணம், அக்காவிடம்.

"அவ வேலையை அவ பாக்கறா. நீ உன் இறக்கையைத் துடை."

பிறகு டாக்டரம்மா தொலைநோக்கியோடு படகின் மூக்குக்குப் போய்விட்டாள். டேக் துண்டின் மேல் கிடந்தது. மாப்பிள்ளை வந்தார். கையில் ஸ்டிக்கர். நன்கொடை கொடுத்த நிறுவனத்தின் பெயர், பளபளவென்று.

"கல்யாணம், இதைக் கொஞ்சம் ஒட்டிடுங்க. கேமராவுக்குத் தெரியற பக்கம்."

"டாக்டரம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டா அரை மணி நேரம் வகுப்பு எடுப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் அவனும் கேட்கவில்லை. பின்பக்கத் தாளை உரித்து, ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, கட்டை விரல் நகத்தால் காற்றுக்குமிழ் இல்லாமல் தேய்த்து ஒட்டினான். கல்யாண ஆல்பத்து அட்டை ஒட்டிய கை. கோணல் இல்லை, சுருக்கம் இல்லை. ஒட்டும்போது அந்தப் பக்கத்தில் மிளகு அளவில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருந்ததைப் பார்த்தான். ஸ்டிக்கர் இரண்டையும் அழகாக மூடியது.

"கை வேலைன்னா இது" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஆளிடமிருந்து பாராட்டு வாங்கியதில் கல்யாணத்துக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒன்பதே முக்காலுக்குக் கயிற்றுக்காரி மூச்சு விட்டாள். முன்னூறு மீட்டர் தள்ளி, வெள்ளைப் புகைபோல எழுந்து சாய்ந்தது. அக்கா எஞ்சினைத் தணித்தாள். டிரோனும் டேக்கும் கையிலிருந்துதான் கிளம்பவேண்டும். கல்யாணம் மாட்டிக் கொடுத்ததை டாக்டரம்மா தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். படகின் ஆட்டத்தில் அவள் டேக்கைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அவன் ஏற்றினான்.

பறப்பதில் அவனைக் குறை சொல்ல ஆள் கிடையாது. அவளுக்குப் பின்னாலிருந்து வந்து, நிழல் கண்ணில் படாமல், நான்கு மீட்டர் உயரத்தில் நின்றான். திரையில் அந்த முதுகு ஈரத் தார்ச்சாலை போல விரிந்தது. பின்னால் வாலில் கயிறும், கயிற்றைச் சுற்றி வெளுத்துப்போன சதையும். இயக்குநர் மாப்பிள்ளையின் கேமராவுக்கு முன்னால், "அறிவியலும் கருணையும் கைகோக்கும் இந்தத் தருணத்தில்" என்று ஆரம்பித்திருந்தார். முதுகு மேலே வந்தது. கல்யாணம் விட்டான். டேக் விழுந்தது, ஒட்டியது. இயக்குநர் இன்னும் அதே தருணத்தில்தான் இருந்தார்.

கைதட்டினார்கள். மாப்பிள்ளை இயக்குநரைக் கட்டிப்பிடித்தார். ஒட்டியவனை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அவன் திரும்பி வந்த டிரோனைக் கையால் பிடிக்கப் போயிருந்தான்.

கயிற்றுக்காரி முங்கினாள். பன்னிரண்டு நிமிஷம். டாக்டரம்மா ரிசீவரை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். மீண்டும் புகை எழுந்தது. முதுகு வெளியே வந்து வெயிலில் மின்னியது. டேக் அங்கேயே இருந்தது, வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

ரிசீவர் ஊமை.

நான்கு மூச்சு விட்டாள். நான்கு தடவையும் ஊமை. டாக்டரம்மா ஆன்டெனாவைத் திருப்பினாள், எண்ணைச் சரிபார்த்தாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள்.

"காலையில வந்துதே" என்று தனக்குத்தானே சொன்னாள். "வாளியில பத்துத் தடவை வந்துதே. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்."

கல்யாணத்துக்கு அப்போதுதான் முதல் நாள் பாடம் காதில் விழுந்தது. இரண்டு மாதம் தாமதமாக. டேக் தண்ணீருக்குள் இருக்கும்போது பேசாது, பேசினாலும் வீண். வெளியே வந்தால்தான் பேசும். வெளியே வந்துவிட்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு உலோகப் புள்ளிகள். நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் உள்ளே, காய்ந்தால் வெளியே. அந்த இடத்தைத் தொடாதீங்க, விரல் எண்ணெய்கூட ஆகாது. அவன் தலையாட்டினான். இப்போது அந்தப் புள்ளிகளுக்கு மேல் ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்கு அடியில் புகுந்து தங்கிய தண்ணீர். அவள் எத்தனை தடவை மேலே வந்தாலும் டேக் தான் கடலுக்கு அடியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

அவன் டிரோனின் இறக்கையைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கயிற்றுக்காரி மறுபடி முங்கி, மறுபடி வந்தாள். ஊமை. டாக்டரம்மா ரிசீவரின் எண்ணை மறுபடி சரிபார்த்தாள். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பழி அவள் மேல் விழும். அவளும் ஏற்றுக்கொள்வாள், ஏற்கெனவே பாதி ஏற்றுக்கொண்டுவிட்டாள். சொன்னால் வேலை போகும். கல்யாண மண்டபம் இருக்கவே இருக்கிறது. ஆனால் படகில் எல்லோரையும் விட தான் ஒரு படி மேல் என்று இரண்டு மாதம் நினைத்தது என்ன ஆவது? அதுதான் அவனுக்கு வேலையைவிடப் பெரிதாக இருந்தது. தன்மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது.

"சரி, கரைக்குப் போகலாம்" என்றார் இயக்குநர். "ஒரு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வராங்க. நன்கொடைக்காரங்களும் வராங்க. திரையில புள்ளி ஓடறதைக் காட்டணும்."

அக்கா சக்கரத்தைத் திருப்பினாள்.

"புள்ளி ஓடாது" என்றான் கல்யாணம். "டேக் பேசல. நான் அந்தப் புள்ளிங்க மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

டாக்டரம்மா திரும்பினாள். "எந்த ஸ்டிக்கர்?"

மாப்பிள்ளை கேமராவின் மூடியைத் தேடினார்.

"எந்த ஸ்டிக்கர்னு கேட்டேன்."

"பேர் போட்டது. கேமராவுக்குத் தெரியற பக்கம்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. காய்கறியில் சொத்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "கேமரா ஓடுதா?"

"இல்லைங்க மாமா."

"நல்லது. கேளுங்க. சாட்டிலைட் தாமதம்னு சொல்லிக்கலாம். ஒட்டினது உண்மை, படம் இருக்கு. அது போதும்."

"ரெண்டு மணிக்கு அறுக்கறவங்க வருவாங்களே" என்றாள் டாக்டரம்மா.

"வரட்டும், தேடட்டும். கடல்னா அப்படித்தான்."

அக்கா சக்கரத்தை விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "கரைக்குப் போக ஒண்ணரை மணி நேரம். திரும்பி வர ஒண்ணரை. அதுக்குள்ள அவ போயிடுவா."

"அது உங்களுக்கு எதுக்கும்மா? நீங்க படகை ஓட்டுங்க."

"ஓட்டறேன்" என்று சொல்லி, சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினாள். மூக்கு கயிற்றுக்காரி முங்கிய இடத்தைப் பார்த்து நின்றது.

"நான் இயக்குநர்."

"நிலையத்துக்கு. இது படகு. இதுக்கு உரிமம் என் பேர்ல இருக்கு."

"இதை நான் மேலிடத்துல சொல்லவேண்டியிருக்கும்."

"சொல்லுங்க சார். இப்போதைக்கு உக்காருங்க. அலை பக்கவாட்டுல வரும், நிக்கறவங்களுக்கு வயிறு புரட்டும்."

சொல்லி வாய் மூடவில்லை, அலை பக்கவாட்டில் வந்தது. ஆரஞ்சுச் சட்டை அறைக்குள் போனது. மாப்பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். மாமனாருக்கு அவர் செய்த முதல் உருப்படியான சேவை அதுதான் என்று கல்யாணம் நினைத்தான். உடனே, நீ செய்த சேவை என்ன என்றும் நினைத்தான். அன்று முழுக்க அந்தக் கேள்வி அவன் எண்ணங்களின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது.

"எத்தனை பேட்டரி?" என்றாள் அக்கா.

"அஞ்சு. ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம். சார்ஜ் போட கரைக்குத்தான் போகணும்."

"ரெண்டு மணி வரைக்கும் மூணே கால் மணி நேரம் இருக்கு. பத்துமா, கணக்குப் போடு."

கணக்கை டாக்டரம்மா போட்டாள். கயிற்றுக்காரி கீழே இருக்கும்போது டிரோன் பறக்கவேண்டாம். மேலே வரும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் ஏற்றி, எந்தத் திசையில் முங்குகிறாள் என்று பார்த்துவிட்டு இறக்கிவிடவேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம். காற்று கூடாமல் இருந்தால் கஷ்டப்பட்டுப் போதும். இதை டாக்டரம்மா ஆரம்பத்திலிருந்து, ஒவ்வொரு படியாகச் சொன்னாள். கல்யாணம் கடைசி வரை கேட்டான்.

அதன் பிறகு அதே வேலைதான். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப" என்பாள். அவன் ஏற்றுவான். மேலிருந்து பார்த்தால், அவள் வால் அடித்துப்போன இடங்களில் தண்ணீர் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று வட்டமாகக் கிடக்கும். வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடு இழுத்தால் அவள் போகும் வழி. அவன் திசை சொல்வான். அக்கா அந்தப் பக்கம் படகை நகர்த்துவாள், நெருங்காமல், முன்னால் போகாமல். அவன் டிரோனைக் கையால் பிடிப்பான். மறுபடி பத்து, பன்னிரண்டு நிமிஷம்.

ஒரு தடவை டாக்டரம்மா சொன்ன நேரத்துக்குக் கயிற்றுக்காரி வரவில்லை. பதினைந்து நிமிஷம். இருபது. கல்யாணம் டிரோனை நூறு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்; பேட்டரி கரைந்துகொண்டிருந்தது.

"போயிட்டாளா?" என்றாள் டாக்டரம்மா.

"வாயை மூடிட்டுப் பாருங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா.

இருபத்து மூன்றாவது நிமிஷம், படகுக்குப் பின்னால், யாரும் பார்க்காத பக்கத்தில் மூச்சு கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வால் மேலே வரக் கஷ்டப்பட்டது. களைத்துவிட்டாள். நேராக ஆழத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு வரவேண்டிய படகு இரண்டு பத்துக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது, அடிவானத்தில் ஒரு நகக்கீறல் போல. அது அரை கிலோமீட்டருக்குள் வந்தபோது டிரோன் கடைசி பேட்டரியோடு மேலே இருந்தது. பதினாறு சதவீதம். வயர்லெஸ்ஸில் முரட்டுக் குரல் ஒன்று வந்தது.

"உங்க டேக் எங்க திரையில வரலையே. எண் என்ன?"

அறையிலிருந்து இயக்குநர் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. "சாட்டிலைட்னு சொல்லு" என்றார், சத்தம் வராமல் உதட்டால்.

அந்த அலைவரிசையை நிலையத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் இருந்தால் அவர்களும். அக்கா பேசும் கருவியை எடுத்துத் தம்பியின் வாய்க்கு முன்னால் பிடித்தாள். அவன் கை இரண்டும் டிரோனில் இருந்தன.

"டேக் வேலை செய்யல" என்றான். "நான் கெடுத்துட்டேன். மேல பாருங்க, ஒரு டிரோன் மினுக்கும். அதுக்கு நேர் கீழ அவ இருக்கா."

அந்தப் படகின் மூக்கு இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு, "தெரியுது. அங்கயே நில்லு."

பத்து சதவீதம். டிரோன் தானாகத் திரும்பக் கிளம்பியது. கிளம்பிய இடத்துக்குத்தான் அதற்குத் திரும்பத் தெரியும். அங்கே இப்போது படகு இல்லை, தண்ணீர்தான். அவன் அதை நிறுத்தி, மறுபடி அவள் மேல் கொண்டுவந்து வைத்தான். ஏழு. கயிறு அறுக்கும் படகு எஞ்சினை அடக்கிக்கொண்டு நெருங்கியது. ஐந்து. இப்போது கூப்பிட்டால் கைக்கு வந்துவிடும்.

"வரச்சொல்லுடா" என்றார் இயக்குநர். "அது நிலையத்துச் சொத்து."

கல்யாணம் கூப்பிடவில்லை. அவள் முங்கி, திசை மாற்றி, அந்தப் படகின் மறுபக்கம் எழுந்தாள். டிரோன் கூடவே போனது. "இடது பக்கம், உங்க மூக்குக்கு முன்னால" என்றான். அந்த ஆட்கள் அவள் முதுகை முதல் தடவையாகத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். நீளக் கழியில் மாட்டிய கொக்கிக் கத்தியை ஒருவன் எடுத்தான். திரை கறுத்தது. தூரத்தில், டிரோன் விழுந்த இடத்தில், ஒரு சின்ன வெள்ளைத் தெறிப்பு.

மூன்று தடவை வீசினார்கள். மூன்றாவது தடவை கத்தி மாட்டியது, படகு பின்னால் போனது, கயிறு இழுபட்டு அறுந்தது. வால் ஒரு தடவை தண்ணீரை ஓங்கி அடித்தது.

"வெளிச் சுற்று போச்சு" என்றது முரட்டுக் குரல். "உள்ள இறங்கினது தெரியல. தளர்ந்தா தானா கழலும். தளரலன்னா அவ விதி. நாங்க இருட்டற வரைக்கும் பின்னாலயே போறோம். நீங்க கிளம்பலாம்."

இயக்குநர் வெளியே வந்து உட்கார்ந்தார். ஆரஞ்சுச் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்து, "அறுத்ததை எடுத்தியா?" என்று கேட்டார். மாப்பிள்ளை எடுத்திருந்தார். "அப்ப ஒண்ணும் மோசமில்ல" என்றார் இயக்குநர். கயிறு அறுந்ததைச் சொல்கிறார் என்று ஒரு கணம் கல்யாணம் ஏமாந்தான்.

அக்கா கரைப்பக்கம் திருப்பினாள். டாக்டரம்மா முழங்காலில் பதிவேட்டை வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுதணும்" என்றாள்.

"எழுதுங்க."

"டேக் பேசாததுக்குக் காரணம், உணர்வுப் புள்ளிகள் மேல ஸ்டிக்கர். ஒட்டினது டிரோன் இயக்குபவர். சரியா?"

"சரி."

"ஒட்டச் சொன்னது யாருன்னு போடணுமா?"

மாப்பிள்ளை கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"போடுங்க. ஆனா ஒட்டினது நான்."

அவள் எழுதினாள். எழுத்து படகோடு சேர்ந்து ஆடியது.

"இன்னொரு கட்டம் இருக்கு. தவறு தெரியாம நடந்ததா, தெரிஞ்சு நடந்ததா?" பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. "தெரியாமன்னு போடவா?"

அதைப் போட்டால் வேலை தப்பினாலும் தப்பலாம். அவள் முகத்தில் அப்படி ஒரு இடமும் இருந்தது. தானாக விட்டுக்கொடுக்கும் முகம் இல்லை. அவன் கேட்டால் மறுக்காத முகம்.

அக்கா முன்னாலிருந்து திரும்பாமலே காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் இல்ல" என்றான் கல்யாணம். "சொன்னாங்க, கேக்கலன்னு போடுங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல."

"ஓரத்துல எழுதுங்க."

அவள் ஓரத்தில் எழுதி, பதிவேட்டைத் திருப்பி, பேனாவைக் கையெழுத்துக்காக அவனிடம் நீட்டினாள்.